நானோவுக்குத் துணி போட்டவன்

எங்கள் துறை வராந்தாவில், குடிதண்ணீர் ஃபில்டருக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறது. கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிறப் பூக்கள், இதழ் இதழாக, நெருக்கமாக. கீழே ஆங்கிலத்தில் ‘நானோ கட்டமைப்பு கொண்ட தோல் பரப்பு’ என்று எழுதியிருக்கும். பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வருகிற முதலாமாண்டுப் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள். வெளியூரிலிருந்து விருந்தாளி யாராவது வந்தால் என் ஆய்வு நெறியாளர், நாங்கள் கைடு என்று சொல்கிறவர், அவரை அந்த இடத்தில் கட்டாயம் நிறுத்துவார். ‘இந்தப் பூ எந்தச் செடியிலும் பூக்காது’ என்பார். எத்தனை தடவை சொன்னாலும் முதல் தடவை சொல்கிற மாதிரியே சிரிப்பார்.

அந்தப் படத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்தவள் நான். அது நிஜமாகவே என்ன பூ என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான், கைடு, அப்புறம் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் ஸ்ப்ரே கன் பிடிக்கிற என் அண்ணன். நாலாவதாக ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் காட்பாடிப் பக்கம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த காலத்தில் நானோ என்கிற சொல்லுக்கு நல்ல மவுசு. எதை எழுதினாலும் முன்னால் நானோ சேர்த்தால் புராஜக்ட் கிடைக்கும் என்று சீனியர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். பாலாற்றில் கலந்த தோல் கழிவை நானோ உறிஞ்சிவிடும். செருப்பில் நாற்றம் வராமல் நானோ வெள்ளி பார்த்துக்கொள்ளும். சோலார் தகடு, பேட்டரி, புற்றுநோய் மருந்து, எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். அந்தப் பட்டியலில் அப்பளம் மட்டும்தான் பாக்கி. நான் கிண்டல் செய்கிறேனே ஒழிய, அந்த மயக்கம் எனக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. தங்கத்தைத் தலைமுடியின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்காகச் சிறிதாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது மஞ்சளாக இருக்காது, மாதுளம் சாறு போலச் சிவந்துவிடும். அதே தங்கம், ஒரு அணுவும் மாறவில்லை, சைஸ்தான் மாறியது. அதை முதன்முதலில் என் கையாலேயே சோதனைக் குழாயில் செய்து பார்த்த அன்று மதியம் நான் சாப்பிடப் போகவில்லை.

எனக்குக் கிடைத்த வேலை ஷூவுக்கான தோலில் தண்ணீர் ஒட்டாமல் செய்வது. இப்போது அதற்கு ஃப்ளோரின் கலந்த மருந்துகளைப் போடுகிறார்கள். அவை மண்ணிலும் தண்ணீரிலும் போனால் மக்கவே மக்காது, அதனால் வெளிநாட்டுக்காரர்கள் அவை வேண்டாம் என்கிறார்கள். தாமரை இலையில் தண்ணீர் உருண்டு ஓடுகிறதே, அதே வித்தையைத் தோலில் காட்ட வேண்டும். இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத முண்டும் முடிச்சும் இருக்கும். அந்த இடுக்குகளில் காற்று தங்கிவிடும். தண்ணீர்த் துளி காற்றின் மேல் உட்கார்ந்து, சாய்த்தால் ஓடிவிடும். தோலின் மேல் சிலிக்கா நானோ துகள்களைத் தூவினால் அந்த முண்டும் முடிச்சும் வந்துவிடும். ஆனால் சிலிக்காவுக்குத் தண்ணீர் என்றால் உயிர். அதைத் தண்ணீருக்கு ஆகாததாக மாற்ற, முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து எடுத்த ஒரு பொருளை அதன் மேல் போர்த்த வேண்டும். அந்தப் போர்வைதான் என் ஆய்வு, என் முனைவர் பட்டம், ஆறு வருஷம்.

திரவம் தயாரிக்க லேபில் எல்லாம் இருந்தது. தோலில் அடிக்கத்தான் ஸ்ப்ரே கன் இல்லை. அது வேண்டுமென்று நான் எழுதிய கடிதம் எந்த மேசையில் படுத்திருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. அண்ணன் சொன்னான், “குடு, சாப்பாட்டு நேரத்துல நான் அடிச்சித் தர்றேன். எவன் பாக்கப் போறான்?” பார்த்தால் வம்புதான். வெளியாள் தோலை உள்ளே கொண்டுபோய், கம்பெனி கன்னில் கம்பெனிக் காற்றை வைத்து அடிப்பது தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். அண்ணி வயிற்றில் அப்போது பாப்பா. அதனால் இந்த விஷயம் எங்கள் இரண்டு பேரைத் தவிர வெளியே போகக் கூடாது என்று முடிவு. கைடிடம் மட்டும் ‘ஆம்பூரில் தெரிந்த இடத்தில் அடித்து வாங்குகிறேன்’ என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஆம்பூருக்குப் போவேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் திரவம், பைக்குள் உள்ளங்கை அளவுத் தோல் துண்டுகள். அடுத்த ஞாயிறு அண்ணன் அவற்றைப் பேப்பரில் சுற்றி, கல்யாணப் புடவையைக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுப்பான். நானோ பூசியவை பாதி, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தோல் பாதி.

எங்கள் ஊர் ஃபினிஷிங் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விரலில் எச்சில் தொட்டுத் தோலைத் தேய்ப்பார்கள். சாயம் விரலில் ஒட்டினால் சரியில்லை என்று அர்த்தம். அது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் முதல் நாளே சண்டை போட்டேன்.

“அண்ணா, எச்சி படக்கூடாது. பட்டுச்சுன்னா எல்லாம் வேஸ்ட்டு.”

“சரி, வெக்கல.”

“கையுறை போட்டுக்கோ. தூசி விழாம மூடி வை. எந்தக் கெமிக்கலும் பக்கத்துல வரக்கூடாது.”

“சரிம்மா, சரி. கோயில்ல கூட இம்மாம் மடி கிடையாது.”

நம்பிக்கை இல்லாமல் ஒரு தாளில் வரிசையாக எழுதியும் கொடுத்தேன். குலுக்கு, இத்தனை தூரத்தில் வைத்து அடி, காயவை, மறுபடி அடி, காயவைத்து எடு. அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் ஐடி கார்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

முதல் முறை அந்தத் துண்டில் தண்ணீர் விட்ட நாளை மறக்க முடியாது. துளி விழுந்தது, உருண்டது, மேசையிலிருந்து கீழே குதித்தது. நான் லேபில் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார்கள், ஏதோ தீப்பிடித்துவிட்டதென்று. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இதழ் இதழாகப் பூக்கள். சிலிக்கா உருண்டை இப்படிப் பூவாக அடுக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கைடு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். கட்டுரை எழுதினோம், வந்தது. படத்தைப் பெரிதாக்கி வராந்தாவில் மாட்டினார்கள். வேறொரு சோதனையில் ஏதோ கொழுப்பு இருப்பதாகக் காட்டியது. தோலை மிருதுவாக்க எண்ணெய் போடுவார்கள்தானே, அதுவாக இருக்கும் என்று நானே ஒரு வரி எழுதி மூடினேன். டேனரிக்காரன் தங்கைக்குத் தோலைப் பற்றிப் பாடமா எடுக்க வேண்டும்? அந்தத் திமிர்தான்.

கடைசி வருஷம். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு முறை எல்லாவற்றையும் செய்து காட்ட வேண்டும். அதே வாரம் அண்ணன் மகளுக்குச் சோளிங்கர் நரசிம்மர் மலையில் மொட்டையும் காதுகுத்தும் வைத்திருந்தார்கள். நான் அத்தை, முன்னால் நின்று சீர் வைக்க வேண்டியவள். போகவில்லை. சீரை அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். “அத்த இருந்தும் இல்லாம காது குத்தற வீடு நம்ம வீடுதான்” என்று அம்மா போனில் சொன்னதை இப்போதும் குடும்ப விசேஷம் ஒவ்வொன்றிலும் ஒரு தடவை கேட்கிறேன்.

அண்ணன் மலையில் இருந்ததால், காட்பாடியில் டூவீலருக்குப் பெயின்ட் அடிக்கிற கடையில் கெஞ்சிக் கன் வாங்கி நானே அடித்தேன். கடைக்காரர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

“இன்னா கலரும்மா இது?”

“கலர் இல்லங்க. தண்ணி ஒட்டாது.”

“கலர் இல்லாம எதுக்கும்மா அடிக்கற?” என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

லேபுக்கு வந்து துளியை விட்டேன். துளி அப்படியே உள்ளே போனது. ஒற்றுத்தாளில் மை போகிற மாதிரி, சத்தமில்லாமல், ஒரு ஈர வட்டம். அடுத்த துண்டு, அதுவும் அப்படியே. பத்துத் துண்டும் தண்ணீரைக் குடித்தன.

மூன்று வாரம் பைத்தியம் பிடித்த மாதிரி திரிந்தேன். கன்னைச் சந்தேகப்பட்டேன். மழைக்காலத்து ஈரத்தைச் சந்தேகப்பட்டேன். முந்திரி எண்ணெய் விற்றவனை மனதாரத் திட்டினேன். என் கையையே சந்தேகப்பட்டேன். அம்மாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. நரசிம்மர் கோபித்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் இரண்டே மாதம். உதவித்தொகை எப்போதோ நின்றுவிட்டது. இந்தத் துளி உருளாவிட்டால் ஆறு வருஷமும் பட்டமும் குப்பை. கட்டுரை பொய், வராந்தா படம் பொய், நான் பொய்.

கடைசியில் ஆம்பூருக்குப் போய் அண்ணன் எதிரில் உட்கார்ந்து, “நீ இன்னா பண்ணுவியோ, ஒண்ணு விடாம சொல்லு” என்றேன். ஐடி கார்டுக்குப் பின்னாலிருந்து என் தாளை எடுத்தான். மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தான். குலுக்கினேன், அடித்தேன், காயவைத்தேன், மறுபடி அடித்தேன், காயவைத்து எடுத்தேன்.

“எச்சி?”

“அம்மா மேல சத்தியமா வெக்கல.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, பேப்பர்ல சுத்தினேன்.”

“சுத்தறதுக்கு முன்னாடி?”

“முன்னாடி இன்னா? துணி போட்டேன், சுத்தினேன்.”

துணி போடுவது என்றால், மெழுகு தொட்ட துணியால் தோலைக் கடைசியாக ஒரு துடை துடைப்பது. எங்கள் ஊரில் ஃபினிஷிங் ஆள் கையிலிருந்து துணி போடாமல் ஒரு துண்டுத் தோல்கூட வெளியே போகாது. அது வேலையில் சேர்த்தியே இல்லை, சாப்பிட்டுக் கை கழுவுகிற மாதிரி. எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு பெல்ட் வாங்கி வந்தால்கூட முதலில் துணி போட்டுத்தான் கையில் கொடுப்பான். எச்சிலைக் கேட்டேன், தூசியைக் கேட்டேன், கையுறையைக் கேட்டேன். இதைக் கேட்கத் தோன்றவே இல்லை. மெழுகு வாசனை வந்திருக்குமே என்பீர்கள். எங்கள் வீட்டுத் தலையணையிலேயே அந்த வாசனைதான்.

“அடப்பாவி! எழுதிக் குடுத்தேனே, அதுல துணி போடுன்னு இருக்குதா?”

“நீ எழுதினதெல்லாம் முடிச்சிட்டுத்தான் போட்டேன்.”

“ஏன் போட்ட?”

அவனுக்கு என் கேள்வியே புரியவில்லை. “வெள்ளை வெள்ளையா பூத்துப் போய் இருந்துச்சும்மா. சுண்ணாம்பு அடிச்ச செவுரு கணக்கா. அப்படியே குடுக்க முடியுமா?” என்றான். ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த வெறும் தோலுக்கும் பாரபட்சமில்லாமல் போட்டிருக்கிறான். கையிலிருந்த டம்ளரைச் சுவரில் எறிந்தேன். எவர்சில்வர், உடையவில்லை. பாப்பா தூக்கத்திலிருந்து எழுந்து அழுதது. அண்ணி வந்து என்னைப் பார்த்த பார்வையில் காதுகுத்துக்கு வராத கணக்கும் சேர்ந்து இருந்தது.

திரும்பும் ரயிலில் மேல்பட்டி தாண்டியபோதுதான் உறைத்தது. தாமரை இலையின் மேல் முண்டும் முடிச்சும் மட்டும் இல்லை. அவற்றின் மேலெல்லாம் மெழுகுப் படிகங்கள். என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், முதல் பத்தியில், நானே எழுதி வைத்திருக்கிறேன். நான் முந்திரி எண்ணெயைக் கட்டிக்கொண்டு அழுதபோது, என் அண்ணன் ஒன்றும் தெரியாமல் தாமரை செய்கிற வேலையைச் செய்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். வராந்தாவில் பூத்திருப்பது சிலிக்கா இல்லை, கம்பெனி மெழுகு.

லேபில் ராப்பகல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துச் செய்து பார்த்தேன். வெறும் நானோ பூசினால் தண்ணீர் உள்ளே போய்விடும். வெறும் மெழுகு போட்டால் துளி நிற்கும், ஆனால் ஓடாமல் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நானோவுக்கு மேல் மெழுகு போட்டால்தான் உருண்டு ஓடும். இரண்டும் வேண்டும். என் முந்திரிப் போர்வை ஒன்றுக்கும் உதவவில்லை, அது துகளில் ஒட்டவே இல்லை. இது என் ஐந்தாம் அத்தியாயம் ஆனது. ஆறு வருஷத்தில் நான் கண்டுபிடித்த ஒரே உண்மை அதுதான்.

கைடிடம் மொத்தத்தையும் சொன்னேன். வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து மூடினார். நல்ல மனுஷர், வராந்தா படத்துக்குத்தான் பயந்தார் என்று நினைக்கிறேன்.

“இரண்டும் வேணும்ங்கறது நல்ல ரிசல்ட்தாம்மா. ஆனா உங்க அண்ணன் துடைச்சார்னு எழுத முடியாது. அவர் வேலைக்கும் ஆபத்து, நம்ம பேருக்கும் ஆபத்து. பழைய துண்டுகள்ல கன்டாமினேஷன்னு போட்டுடுங்க. வேலை நடக்கற இடத்திலிருந்து வந்த கன்டாமினேஷன்.”

அசுத்தம் கலந்துவிட்டது என்று அர்த்தம். அண்ணன் வேலைக்கும் நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன். பழைய கட்டுரைக்குத் திருத்தம் எழுதி அனுப்பவும் ஒத்துக்கொண்டார். வாய்மொழித் தேர்வு முடியட்டும் என்றார்.

தேர்வு பொதுவில் நடக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம். கைடு ஆர்வத்தில் நாலைந்து தோல் கம்பெனிக்காரர்களையும் அழைத்திருந்தார். வந்தவர்களுக்கு டிபன் என் செலவு என்பது அங்கே எழுதப்படாத சட்டம். அண்ணன் லீவு போட்டு, காதுகுத்துக்கு எடுத்த சட்டையை மாட்டிக்கொண்டு, சமோசா பாக்கெட்டுகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஐந்தாம் அத்தியாயம் வரை. திரையில் அந்தச் சொல் வந்தது. கன்டாமினேஷன், பெரிய எழுத்தில், சிவப்பில். சிவப்பு நான் போட்டதுதான், பளிச்சென்று தெரிய. அண்ணனுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஆனால் அந்தச் சொல் தெரியும். அவன் செக்‌ஷன் வாசலில் அதே சொல் சிவப்பில் எழுதிய பலகை தொங்குகிறது. கெட்டுப்போய் ஒதுக்கின தோல்களை அதற்குக் கீழேதான் போடுவார்கள். அவன் திரையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார், “அந்த கன்டாமினேஷனுக்கு சோர்ஸ் என்னன்னு தெரிஞ்சுதா?”

‘வேலை நடக்கும் சூழல்’ என்று நூறு தடவை ஒத்திகை பார்த்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

“தெரியும் சார். அது கன்டாமினேஷன் இல்ல. எங்க அண்ணன் மெழுகுத் துணி போட்டார். அதனாலதான் இது வேலை செஞ்சது. அதோ, அங்க உட்கார்ந்திருக்கார்.”

கைடு கண்ணை மூடிக்கொண்டார். தேர்வாளருக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. திரும்பி, “வாங்க, வாங்க. என்ன மெழுகு போட்டீங்க?” என்றார்.

அண்ணன் எழுந்தான். பெருமையாகச் சொல்வான் என்று நான் காத்திருந்தேன், அப்படி ஒரு முட்டாள் நான். அவன் கண் இரண்டாவது வரிசைக்குப் போனது. அங்கே அரைக்கை வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உடம்பைத் திருப்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் டிபன் கொண்டாந்தேன் சார். எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றான்.

ஹாலில் சிலர் சிரித்தார்கள். தேர்வாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், பரீட்சை பயத்தில் உளறுகிறாள் பாவம் என்று. அறிக்கையில் ‘சோர்ஸ் தெரியவில்லை, ஆனாலும் தன் பிழையைத் தானே கண்டுபிடித்தது பாராட்டத்தக்கது’ என்று எழுதினார். பட்டம் கிடைத்தது. எல்லோரையும்விட ஜாஸ்தி கைதட்டியவன் அண்ணன்தான்.

மாடிப்படியில் காலி சமோசா அட்டைகளை மடித்துக்கொண்டே சொன்னான், “அந்த வெள்ளச் சட்ட எங்க டெக்னிக்கல் மேனேஜர்.”

“ஐயோ! எனக்கு எப்படிண்ணா தெரியும்? நான் அவரப் பாத்ததே இல்லையே.”

“பரவால்ல. ‘இன்னா, உன் தங்கச்சியா? நல்லா பேசுச்சு’ன்னு சொன்னாரு. உனக்குப் பட்டம் வந்துச்சு, எனக்கு வேல இருக்குது. எதுக்கு அழுவுற?”

“அந்த வார்த்தையப் போட்டுட்டேனே.”

“அத விடு. அந்த போர்டத் தாண்டித்தான் தெனம் உள்ள போறேன்.”

அதோடு முடிந்திருந்தால் நிம்மதி. அந்த மேனேஜர் கைடிடம் பேசி, எங்கள் திரவத்தைக் கம்பெனியிலேயே அடித்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். ஒரே நிபந்தனை, மெழுகு கூடாது. மெழுகு இருந்தால் ஷூவில் பசை பிடிக்காது. நானோவை மட்டும் அடித்துப் பார்க்கிறோம் என்றார். அது வேலை செய்யாது, அதுதான் என் ஐந்தாம் அத்தியாயமே என்று கைடிடம் கத்தினேன். “அவங்க தோல், அவங்க பார்க்கட்டுமே” என்றார். கேனில் ஊற்றி, மேலே லேபிள் ஒட்டி அனுப்பினேன். லேபிளில் என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று முதன்முதலாக எழுதியது அப்போதுதான்.

பத்து நாளில் கம்பெனி அறிக்கை வந்தது. தண்ணீர் அற்புதமாக உருண்டு ஓடுகிறது. மெழுகு உபயோகிக்கப்படவில்லை. கைடு அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டி, “அந்தக் கட்டுரைத் திருத்தம் இன்னும் அனுப்பலதானே? நிறுத்தி வைங்கம்மா” என்றார்.

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். “கம்பெனில அடிச்சது யாரு?”

“நான்தான்.”

“துணி போட்டியா?”

பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னான், “கேன் மேல உன் பேரு இருந்துச்சு, முன்னாடி டாக்டர்னு போட்டு. அத அடிச்ச தோலு வெள்ள வெள்ளையா மேனேஜர் டேபிளுக்குப் போனா நல்லாவா இருக்கும்? போட்டேன்.”

திட்ட நினைத்துத்தான் போன் போட்டேன். ஃபில்டர் பக்கத்தில் நின்று அழுதேன், பிள்ளைகள் தண்ணீர் பிடிக்காமல் திரும்பிப் போனார்கள்.

அடுத்த வாரம் மேனேஜரே வந்தார். கைடு வழக்கம்போல வராந்தா படத்துக்கு முன்னால் அவரை நிறுத்தி, எந்தச் செடியிலும் பூக்காத பூவைக் காட்டிச் சிரித்தார். அப்போது யாரோ கூப்பிட, அறைக்குள் போனார். மேனேஜர் பையிலிருந்து அந்தத் தோல் துண்டு ஒன்றை எடுத்தார். விரலில் எச்சில் தொட்டுத் தோலைத் தேய்த்தார். அந்த விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். அவரும் ஃபினிஷிங்கிலிருந்து மேலே வந்தவர்தான் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில் புரிந்தது.

“ஏம்மா, அந்த கன்டாமினேஷன் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியலயா?”

அன்றைக்கு ஹாலில் நான் சொன்னதை இவர் காதால் கேட்டவர். மறுபடி ஒரு தடவை உண்மையைச் சொன்னால் என் அத்தியாயம் பிழைக்கும், அவன் வேலை போகும்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது சார்” என்றேன்.

அவர் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். “தெரிய வேணாம். பசை பிடிக்கற ஓரத்துல மட்டும் நாங்க சுரண்டிக்கறோம். இனிமேலும் அந்தப் பையனே அடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கைடு அறைக்குள் போனார்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன். மேனேஜர் வந்தார், விரலால் தேய்த்தார், கேட்டார்.

“ஐயோ. நீ இன்னா சொன்ன?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன்.”

சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. “ஆறு வருசம் படிச்சி இப்பத்தான் எங்க செக்‌ஷன் ஆளு மாதிரி பேசற” என்றான். திருத்தக் கடிதம் இன்னும் என் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது.